வடக்கே போன டிங்கி

அந்தமானில், மாயாபந்தரில் மீன் பிடிக்கிற ஆளிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வயசைக் கேட்டால் சொல்லுவான். குடும்பச் சண்டையைக் கேட்டால் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தே சொல்லுவான். மீன் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கையை ஒரு திசைக்கு நீட்டுவான். அந்தத் திசையில் போய்ப் பார்த்தால் வெறும் உப்புத் தண்ணீர்தான் இருக்கும். தமிழனோ பெங்காலியோ தெலுங்கனோ, இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே ஜாதி. கூடப்பிறந்தவன் கேட்டாலும் பொய், கும்பிடுகிற சாமி வந்து கேட்டாலும் பொய். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதும் இல்லை. வீட்டுச் சாவியை எவனாவது ரோட்டில் போகிறவனிடம் கொடுப்பானா என்பார்கள்.

இந்தச் சங்கதியில் முருகையா எல்லாருக்கும் ஒரு படி மேலே. அவனுடைய அப்பா ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து ஒரு காண்ட்ராக்டரோடு ரோடு போட வந்தவர். தாரும் ஜல்லியும் பிடிக்காமல் திரும்பக் கடலுக்கே போய்விட்டார். மகன் கையில் இருப்பது ஒரு சின்ன மர டிங்கி, ஒரு கிழட்டு எஞ்சின். வலை கிடையாது, தூண்டில் கயிறுதான். அதை வைத்துக்கொண்டு அவன் கொண்டுவந்த மீனைப் பார்த்துப் பெரிய போட்டுக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. கலவாவும் சங்கராவும் கண் கலங்காமல், செதில் உதிராமல் ஐஸ் பெட்டியில் கிடக்கும். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற நாலு மாசமும் மற்ற டிங்கியெல்லாம் கரையில் குப்புறப் படுத்திருக்க, அவன் மட்டும் போவான், வருவான்.

"கிதர் கா மச்சிலி ஹை, தீதி? எந்தப் பக்கத்து மீனு?" என்று கேட்டுக்கொண்டேதான் பிமல் மண்டல் தினமும், ஜெட்டியில் மீன் விற்கிற முருகையாவின் பெண்டாட்டி நீலாவதியின் கூடைக்கு எதிரே வந்து நிற்பான். அவனும் டிங்கிக்காரன்தான். மீன் வாங்க வந்த மாதிரி வருவான்.

"வடக்க, பிமல்தா. உத்தர் சைட்."

"உத்தர்ல எங்க?"

"அது டிக்லிபூர் வரைக்கும் கிடக்கு. நீங்க போயித் தேடுங்க."

பக்கத்தில் இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். பிமலும் சிரித்துக்கொண்டே போய்விடுவான். நீலாவதி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவளுக்கு முருகையா சொன்னது அதுதான். வடக்கே, வெகு தூரம், திறந்த கடலில் ஒரு பார் இருக்கிறது. பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கிற பாறைத்திட்டு, மீன் குடியிருக்கிற இடம். அதற்கு மேலே அவன் சொன்னதில்லை, அவள் கேட்டதும் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டாள். "தெரிஞ்சா ஒனக்குத்தான் பாரம்" என்றான். அதோடு விட்டுவிட்டாள்.

ஆனால் பாரம் வேறு வழியாக வந்து ஏறிக்கொண்டது. கச்சான் காலத்தில் வடக்குக் கடல் எப்படிக் கொதிக்கும் என்று மாயாபந்தரில் குழந்தைக்கும் தெரியும். வானம் இருண்டு வந்தால் நீலாவதிக்குக் கை வேலை ஓடாது. உலையில் அரிசி கிடக்க, குடையைத் தூக்கிக்கொண்டு ஜெட்டியின் நுனிக்குப் போய் வடக்கே பார்த்து நிற்பாள். மழை குடையைத் திருப்பிப் போடும். நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்து, டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள், "பாவம், முருகையா பொண்டாட்டி வந்துட்டா, அப்ப ஆளு இன்னைக்கும் வடக்கதான் போயிருக்கான்" என்பார்கள். அவன் வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

அப்படி நின்ற ஒரு ஆடி மாசத்தில்தான் அவள் விழுந்தாள். மூத்தவள் உமா மகேஸ்வரிக்கு அப்போது மூன்று வயசு. இரண்டாவது வயிற்றில் ஆறு மாசம். அலை ஏறி வந்த ஜெட்டியில் பாசி பிடித்திருந்தது, கால் வாரிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. ஆண் பிள்ளை என்றார்கள். பெட்டி நிறைய மீனோடு பொழுது சாயத் திரும்பிய முருகையா, விஷயம் தெரிந்து ஓடிவந்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். நீலாவதிதான் அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள்.

"அழாதீங்க. அந்தக் கடல்ல இருந்து நீங்க உசுரோட வந்தீங்களே, அது போதும் எனக்கு."

அதற்கு அவன் இன்னும் சத்தமாக அழுதான்.

உமா இப்போது போர்ட் பிளேரில் சித்தி வீட்டில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். அங்கிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்வாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஜெட்டிக்கு மேலே மேட்டில் தகரம் போட்ட வீடு. அடுக்களையின் பின்வாசல் கிழக்கே பார்த்தது. அங்கே நின்றால் நேர் எதிரே சட்டித்தீவு தெரியும். சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு குட்டித் தீவு, முழுக்கக் காடு, ஆள் கிடையாது. கடல் காற்றுக்காக அந்தப் பின்கதவைச் சாத்துவதே இல்லை. மழைக்குக்கூட ஒரு சாக்கைத் தொங்கவிடுவாள், அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்து கடல் கண்ணாடி மாதிரி கிடந்த சமயத்தில் பங்காவாலாக்கள் வந்தார்கள். கடலில் காற்றாடி நட்டுக் கரண்ட் எடுக்கப் போகிறார்களாம். காற்றாடி என்று அவர்கள் சொன்னார்கள். ஜெட்டி அதற்குப் பங்கா என்று பெயர் வைத்துவிட்டது. பெரியவர் ஹரிஹரன் காற்றுக்காரர், தமிழ்தான். அவரோடு மெயின்லேண்டிலிருந்து வந்த சுகிர்தா என்ற பெண் மீன்காரி. அவளை எல்லாரும் மச்சிலி மேடம் என்றார்கள். காற்று படித்தவர்களும் மீன் படித்தவர்களும் மீனவர்களும் சேர்ந்து செய்கிற கூட்டு ஆய்வு என்று ஜெட்டியில் பேனர் கட்டினார்கள். எங்கே மீன்பாடு அதிகமோ அங்கே பங்கா வராது, அதைக் காட்டித்தரப் போவது நீங்கள்தான் என்றார்கள். அதற்காக ஒவ்வொரு டிங்கிக்கும் சோப்பு டப்பா அளவில் ஒரு கருப்புப் பெட்டி. டிங்கி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று அது தானாகக் குறித்துக்கொள்ளும்.

நல்ல காரியம்தான். ஆனால் யாரிடம் வந்து கேட்கிறார்கள் பாருங்கள்! பூனையிடம் போய்ப் பால் எங்கே இருக்கிறது என்று கேட்ட கதை.

அன்று ராச்சாப்பாட்டுக்கு முருகையாவின் தங்கை புருஷன் மணியன் வந்திருந்தான். அவன் பெரிய போட்டில் டிக்லிபூர்ப் பக்கம் வலைக்குப் போகிறவன். சூரைமீன் குழம்பை ஊற்றிக்கொண்டே முருகையா பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தான்.

"மச்சான், இது நாளையிலேர்ந்து ஒங்ககூட வரும்."

"என்னாது, என் பெட்டியோட இதுவுமா? ரெண்டு பெட்டி எப்படி மச்சான்?"

"ஒங்க பெட்டி எங்க?"

மணியன் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அதை நான் அங்கிட்டு மணல் ஏத்துற பார்ஜ்காரங்கிட்ட குடுத்துட்டேன். டெய்லி கப்பல் ரூட்ல போயிட்டு வருது."

"பிமலு?"

"அரே, பிமல்தா அவன் பெட்டிய அவன் மாமனார் டிங்கில கட்டிட்டான். மாமனாரு தன்னோடத கழிமுகத்துல ஒரு மூங்கில்ல கட்டிட்டாரு. கொக்கு புடிக்குது போல."

மூன்று பேரும் சிரித்தார்கள். நீலாவதிக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏங்க, மீன் இருக்கிற இடத்துல பங்கா வராதுங்கிறாங்க. அப்ப உள்ளதச் சொன்னாத்தான நமக்கு நல்லது?"

"உள்ளதச் சொன்னா என்னாகும் தெரியுமா?" முருகையா சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். "மேப்புல ஒரு கட்டம் செவப்பாகும். அந்த மேப்ப ஸ்கூல் ஹால்ல மாட்டுவாங்க. ஜெட்டி பூராம் பாக்கும். அப்பறம் பார் எனக்கா, ஊருக்கா?"

"பெட்டிய மாத்திக் குடுத்தா மட்டும்?"

"மணியன் போறதும் வடக்க. நான் போறதும் வடக்க. வடக்க செவப்பாச்சுன்னா வடக்க பங்கா வராது. கடல் பெருசு புள்ள, எந்த எடம்னு எவனுக்குத் தெரியும்? நம்ம பாரும் பொழச்சுக்கும், ரகசியமும் பொழச்சுக்கும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நீலாவதி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பாழாய்ப்போன அந்த நியாயத்தை அவள் அன்றைக்கே பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா!

சுகிர்தா நல்ல பெண். வெயிலில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ஜெட்டியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மீனாகப் பலகையில் கிடத்தி அளப்பாள். கை நாறுகிறதே என்று ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மத்தியானத்துக்கு நீலாவதி வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஒரு நாள் அடுக்களையில் கணவாய் சுத்தம் செய்துகொண்டிருந்தவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு பாப்பா."

"அண்ணன் கொண்டுவர்ற மீனெல்லாம் பாறைல இருக்கிற மீன். ஆனா அவரோட பெட்டி காட்டுற இடத்துல அடியில வெறும் சேறு. எனக்கு இடிக்குது. அண்ணன் நெஜமா எங்கக்கா போறாரு?"

நீலாவதி கணவாயின் மைப்பையைப் பிய்த்து எறிந்தாள். அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல அவளுக்கு மனசில்லை. நல்லவேளை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

"வடக்கதான் போறாரு பாப்பா. அது சத்தியம். இருபது வருஷமா நான் ஜெட்டியில நின்னு வடக்க பாத்து அழுதது இந்த ஊருக்கே தெரியும். யாரை வேணா கேளு."

சுகிர்தா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த முகத்தில் பொய் இல்லை என்று யாருக்கும் தெரியும்.

"சரிக்கா. நீங்க சொன்னா நம்புறேன்" என்று கணவாயை எடுத்துத் தானும் உரிக்க ஆரம்பித்தாள்.

வைகாசிக் கடைசியில் ஸ்கூல் ஹாலில் மீட்டிங் வைத்தார்கள். கச்சான் தொடங்குகிற நேரம். தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுச் சடசடத்தது. சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், கூடைக்காரப் பெண்கள் ஒரு பக்கம். முன்னால் வெள்ளைத் துணியில் மேப்பு. கடலையெல்லாம் கட்டம் கட்டமாகப் பிரித்து, அதிகம் மீன் பிடிக்கிற இடத்துக்குச் சிவப்பு, குறைந்த இடத்துக்கு மஞ்சள், யாரும் போகாத இடத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.

கப்பல் ரூட்டு ரத்தச் சிவப்பாக இருந்தது. கழிமுகத்தில் ஒரு கட்டம் அதைவிடச் சிவப்பு. பிமல் முட்டாய் வாயில் வைத்த பையன் மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினான். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கவில்லை. பார்த்தால் ஹாலே வெடித்துச் சிரித்திருக்கும்.

"இது நாங்க வரைஞ்ச மேப் இல்ல. நீங்க வரைஞ்சது" என்றார் ஹரிஹரன். அவர் பெருமையாகத்தான் சொன்னார். "உங்க தொழிலுக்கு இடைஞ்சல் இல்லாத இடமாப் பார்த்து முதல்ல காத்து அளக்கிற கம்பம் ஒண்ணை மிதக்க விடப் போறோம். அது சரியா வந்தா அதே இடத்துல காத்தாடி. சுத்திலும் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் போட் எதுவும் வரக் கூடாது."

"பங்கா சுத்துனா மச்சிலி பாகாதா, மேடம்?" என்று கேட்டான் பிமல்.

"ஓடுமா ஓடாதான்னு எனக்கு இன்னும் தெரியாது பிமல்தா. அதையும் பாக்கணும். அதனாலதான் மீன்பாடு இல்லாத இடமா தேடுறோம்" என்றாள் சுகிர்தா.

ஹரிஹரன் கையிலிருந்த விளக்கின் பச்சைப் புள்ளி வடக்கே ஓடி, கிழக்கே திரும்பி, ஒரு வெள்ளைக் கட்டத்தில் போய் நின்றது. "இங்க. சட்டித்தீவுக்கு வெளிப்பக்கம். கிட்டத்துல இருக்கு, ஒருத்தரும் போறதில்ல."

நீலாவதிக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வடக்கே இல்லை. முருகையா பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் வெற்றிலை மெல்வதை நிறுத்தியிருந்தான். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். சந்தோஷத்தில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுகிர்தா மட்டும் விடவில்லை. "முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கிறேன். சட்டித்தீவுக்கு வெளியே யாராவது தொழிலுக்குப் போறீங்களா? இப்ப சொல்லலைன்னா அப்பறம் என்னால எதுவும் செய்ய முடியாது."

ஆண்கள் குனிந்து டீயை உறிஞ்சினார்கள்.

"முருகையாண்ணே?"

"நான்... நான் வடக்க போறவன் மேடம்."

சுகிர்தா பெண்கள் பக்கம் திரும்பினாள். "நீலாக்கா, நீங்க சொல்லுங்க. எல்லா டிங்கி மீனும் உங்க கைக்கு வருது. அந்தப் பக்கத்து மீன்னு எப்பவாவது வந்திருக்கா?"

நீலாவதி எழுந்தாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதே கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அங்க ஒண்ணும் இல்ல பாப்பா. அடியில என்னமோ கிடக்கு, நங்கூரம் மாட்டுனா விடாது. நீரோட்டம் அறுக்கும். வலை போட்டவன் கிழிஞ்ச வலையோடதான் வந்தான். பாழுங்கடல்னு எங்க வீட்டுக்காரரே எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. எங்க பொழப்பெல்லாம் வடக்க. வடக்க மட்டும் ஒரு கம்பியும் நடாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். சட்டித்தீவுக்கு வெளியே என்ன வேணாலும் பண்ணிக்கங்க."

கைதட்டல் எழுந்தது. ஹரிஹரனும் தட்டினார். பிமல் சத்தமாக, "சஹி போலா, தீதி!" என்றான். சுகிர்தாவின் முகத்தில் இத்தனை நாள் இருந்த சந்தேகம் போய்விட்டது. அவளும் சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் நீலாவதி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். முருகையா பின்னால் வந்தான்.

"நான் பயந்தே போயிட்டேன் தெரியுமா? பச்சை லைட்டு வடக்க ஓடுனதும் எனக்கு உசுரே இல்ல. முருகன் காப்பாத்துனான். நான் பேசுனது சரிதானங்க?"

அவன் நின்றான். மழை அவன் தலையில் வழிந்தது.

"சரிதான். நீ நல்லாத்தான் பேசுன" என்றான்.

அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் கை தாராளமாக ஓடியது. தேங்காய் அரைத்து ஊற்றி நண்டு வைத்தாள். அவன் வயிறு சரியில்லை என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அந்தக் கச்சான் காலம் முழுக்க முருகையா கடலில்தான் கிடந்தான். முன்பெல்லாம் இரண்டு நாள் போனால் ஒரு நாள் போகமாட்டான். பாரை ஆறவிட வேண்டும், பால் மாட்டை ஒட்டக் கறக்கக் கூடாது என்பான். இப்போது ஆறவிடுகிற பேச்சே இல்லை. இருட்டோடு கிளம்பி, பொழுது சாய வருவான். பெட்டி கொள்ளாமல் சாக்கிலும் மீன் இருக்கும். உள்ளங்கை நீளம்கூட இல்லாத சங்கராக் குஞ்சும் அதில் கிடக்கும். வயிறு உப்பிய கலவாவை நீலாவதி அறுத்தால் சினை சினையாகச் சரிந்தது.

"ஏங்க, சினை மீனு மாட்டுனா திருப்பி விட்டுருவீங்களே. இதென்ன இப்படி வாரிக்கிட்டு வர்றீங்க?"

"இந்த வருஷம் வடக்க மீனு ஜாஸ்தி."

"இருந்தா மட்டும்? இந்தக் காத்துல தினமும் போகணுமா? எனக்கு நெஞ்சு அடைக்குதுங்க. வயசாகுது, என்னால முடியலை."

"அப்ப ஜெட்டிக்கு வராத."

"வராம?"

அவன் தூண்டில் முள்ளை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். முகம் ஒடுங்கி, கன்னம் உள்ளே போய்விட்டது. கயிறு அறுத்த விரலெல்லாம் துணி சுற்றியிருந்தான். இவன் எதற்காகவோ ஓடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது, எதற்கு என்றுதான் புரியவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கிறானாக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வானம் கறுத்த நாளெல்லாம் குடையோடு ஜெட்டிக்குப் போய் வடக்கே பார்த்து நின்றாள். பாசியைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள்.

கார்த்திகை முடிந்து கடல் படுத்ததும் இழுவைக் கப்பல் வந்தது. பின்னால் மிதவை மேடை, அதன்மேல் பனைமரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் இரும்புக் கம்பம். ஊர் முழுக்க ஜெட்டிக்குத் திரண்டு வேடிக்கை பார்த்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு லட்டு கொடுத்தார்கள். சட்டித்தீவுக்கு வெளியே ஒரு டிங்கியும் போகக் கூடாது, காவல் போட் நிற்கும் என்று ஜீப்பில் மைக் கட்டி இந்தியிலும் பெங்காலியிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் முருகையா வழக்கம்போல இருட்டோடு போனான். மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டான். ஐஸ் பெட்டியில் ஐஸ் மட்டும் இருந்தது. இரைக்கு வைத்த கணவாய்கூட அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு அவன் போகவில்லை. டிங்கியைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டான். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள், இல்லை. எஞ்சின் கோளாறா என்று கேட்டாள், அதுவும் இல்லை. பின்வாசலுக்கு வெளியே கிடந்த கல்லில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டே இருந்தான். கடல் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது, ஊரே தொழிலுக்குப் போகிறது, இவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான்.

மணியன் வந்து பார்த்துவிட்டுப் போனான். "தங்கச்சி, மச்சான நம்ம போட்ல ஆளா வரச்சொல்லு. ஒரு கை கொறையுது" என்று அவளிடம்தான் சொன்னான். சொந்த டிங்கிக்காரனைக் கூலிக்குக் கூப்பிடுகிறானே என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அரிசி டின்னின் அடி தெரிய ஆரம்பித்திருந்தது.

அன்று பொழுது இறங்குகிற நேரம். அவள் காயப்போட்ட கருவாட்டை எடுக்கப் பின்பக்கம் வந்தாள். முருகையா அதே கல்லில் இருந்தான். சட்டித்தீவின் மரங்களுக்கு மேலே கம்பத்தின் தலை தெரிந்தது. அதன் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது.

"ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. வடக்கதான் தொறந்து கிடக்கே. மணியண்ணன் தினம் போறாரு. நீங்க ஏன் போகமாட்டேங்கிறீங்க?"

"வடக்க எனக்கு என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? இருபது வருஷமா..."

"நான் வடக்க போனதே இல்ல நீலா."

அவள் கருவாட்டை முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். சொன்னது காதில் ஏறச் சற்று நேரமாயிற்று.

முருகையா தாடையை நீட்டிக் காட்டினான். "அந்தா. அந்த லைட்டுக்குக் கீழ. அதான் நம்ம பார். முனை வரைக்கும் வடக்க போயி, எல்லாரும் பாத்தப்பறம் தீவைச் சுத்தித் திரும்பிருவேன். கச்சான் அடிச்சா தீவு மறைச்சுக்கும். அங்க ஒரு சின்ன அலைகூட இருக்காது. தீவோட ஓரத்துக்கு வந்தா நம்ம அடுப்புப் புகை தெரியும்."

அவள் அந்த விளக்கைப் பார்த்தாள். இத்தனை கிட்டத்தில். பாத்திரம் கழுவும்போது, துணி பிழியும்போது, உமாவுக்குச் சோறு ஊட்டும்போது, ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்த இடம். அதைத்தான் ஊர் முன்னால் எழுந்து நின்று, பாழுங்கடல், எடுத்துக்கொள்ளுங்கள் என்று தூக்கிக் கொடுத்திருக்கிறாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு ஹால்ல நான் பேசுறப்ப... நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? பார் இருக்குன்னு சொன்னா பங்கா போயிரும், ஜெட்டி பூராம் வந்துரும். பத்து நாள்ல தொடச்சு எடுத்துருவானுங்க. எனக்கு இல்லாதது எவனுக்கும் இல்லாமப் போகட்டும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அந்த ஒரு நிமிஷத்துல நீ பேசி முடிச்சுட்ட. எல்லாரும் கை தட்டிட்டான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? எனக்கு மட்டுமாவது? நான் யாருகிட்டப் போயிச் சொல்லப்போறேன்?"

அவன் பீடியைக் கல்லில் தேய்த்தான். வெகு நேரம் தேய்த்தான்.

"நீ வாயால சொல்லமாட்ட, தெரியும். ஆனா ஒனக்கு நடிக்க வராது நீலா. நீ ஜெட்டியில வந்து நிப்ப, மூஞ்சி வெளுத்துப்போயி, வடக்க பாத்துக்கிட்டு. பிமலும் மத்தவனும் என் பேச்சை நம்பல. ஒன் மூஞ்சியப் பாத்துத்தான் நம்புனானுங்க. நீ பயப்படலைன்னா மறுநாளே என் பின்னாடி வந்துருப்பானுங்க."

நீலாவதி அழவில்லை. ஆடி மாசமும் மழையும் பாசியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கேட்கக் கூடாது என்று நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

"நான் விழுந்த அன்னைக்கு?"

முருகையா தலையைக் குனிந்துகொண்டான். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

"அன்னைக்கும் அங்கதான் இருந்தீங்களா?"

"மழை விடட்டும்னு தீவு மறைவுல டிங்கியக் கட்டிப்போட்டுட்டு உக்காந்திருந்தேன்" என்றான். "பெட்டி ரொம்பிருச்சு. ஆனா சீக்கிரம் திரும்புனா வடக்க போனேன்னு நம்பமாட்டாங்கன்னு..."

அவள் மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கருவாட்டை மண்பானையில் போட்டு மூடினாள். பிறகு திரும்பி வந்து பின்கதவைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருஷம் சாத்தாத கதவு, கீல் துருப்பிடித்து நகர மறுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வெளியே அவன் "நீலா" என்று கூப்பிட்டான். கதவு முனகிக்கொண்டு வந்து நிலையில் பொருந்தியது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.